வாங்குபவர் எழுதும் சட்டம்

மொரீஷியஸிலிருந்து வெளிநாட்டுக்கு என்னென்ன போகிறது என்று பள்ளிக்கூட வேலைக்காக அண்ணன் மகன் சென்னையிலிருந்து கேட்டான். சர்க்கரை, துணிமணி, டின்னில் அடைத்த சூரை மீன் என்று சொல்லிக்கொண்டே வந்து, குரங்கு என்றேன். "போங்க அத்தை, விளையாடாதீங்க" என்றான்.

விளையாட்டில்லை. அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 10,000, சில ஆண்டுகளில் அதற்கும் மேலாக, உயிருள்ள குரங்குகள் இந்தத் தீவிலிருந்து விமானம் ஏறுகின்றன. போகும் இடம் அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று மருந்து ஆராய்ச்சிக்கூடங்கள் இருக்கும் நாடுகள். எல்லாம் ஒரே இனம்: நீண்டவால் மக்காக். இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் 'ஸாக்கோ' என்பார்கள். கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் படியேற வேண்டும். அசந்தால் வாழைப்பழம் போய்விடும். அந்தக் குரங்குதான்.

இவை இந்த மண்ணின் பிராணிகள் அல்ல. 1600-களின் தொடக்கத்தையொட்டி கப்பலில் வந்தவை. கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியரா டச்சுக்காரரா என்பதில் ஒத்த கருத்து இல்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னக் கூட்டத்தின் வாரிசுகள் என்பதில் மட்டும் பெரிதாகச் சண்டை இல்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடித்ததே அந்தச் 'சின்னக் கூட்டம்'தான். சிலவற்றிலிருந்து பெருகியதால் மரபணு வேறுபாடு குறைவு. நோய் எதிர்ப்பை ஆளும் எம்.எச்.சி. மரபணுத் தொகுதியில் இவற்றிடம் பரவலாக இருப்பவை ஏழே வகைகள். ஒரு தடுப்பூசியை இருபது குரங்குகளுக்குப் போட்டு அவை இருபது விதமாகப் பதில் சொன்னால், அது ஊசியின் குணமா உடம்பின் குணமா என்று பிரிக்க முடியாது. இவை ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொல்லும். அதோடு, மற்ற ஆசிய மக்காக்குகளிடம் இருக்கும் ஹெர்பிஸ் பி வைரஸ் இவற்றிடம் இல்லை. மனிதருக்குத் தொற்றினால் ஆளையே கொண்டுபோகக்கூடிய வைரஸ் அது. கூண்டுக்குள் கை விட்டு வேலை செய்பவருக்கு இது சாதாரண விஷயமில்லை.

தீவு இந்தத் தொழிலுக்கு வந்ததில் நம்மூருக்கும் பங்கு உண்டு. போலியோ தடுப்பூசி வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ரீசஸ் குரங்குகள் போய்க்கொண்டிருந்தன. வழியிலேயே செத்தவை எத்தனையோ. 1955-ல் இந்தியா கொஞ்ச காலம் நிறுத்தி, பிறகு மருத்துவத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதித்தது. அப்புறம் அமெரிக்க ராணுவ ஆய்வகங்கள் அந்தக் குரங்குகளைக் கதிர்வீச்சுச் சோதனைக்கும் பயன்படுத்தியது வெளியே வந்தது. மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரலோடு ஏற்றுமதியையே மூடிவிட்டது. அடுத்த ஆண்டு வங்காளதேசமும் மூடியது. தேவை மட்டும் குறையவில்லை. அது வேறு ஊர் தேடியது, வேறு இனம் தேடியது. மொரீஷியஸில் குரங்குப் பண்ணைகள் எழுந்தது 1980-களில். ஒரு நாடு கதவைச் சாத்தினால் கூட்டம் பக்கத்துக் கதவுக்கு நகர்கிறது. 2020-ல் சீனா காட்டுயிர் வணிகத்தை நிறுத்தியபோதும் இதேதான் நடந்தது. அமெரிக்காவில் சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்த ஒரு குரங்கின் விலை 20,000 டாலரைத் தாண்டியது. எங்கள் பண்ணைகளின் மவுசு ஏறியது. 2023 இறுதியில் அமெரிக்காவின் சார்ல்ஸ் ரிவர் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள நோவெப்ரிம் குரங்குப் பண்ணை நிறுவனத்தின் 90 விழுக்காட்டுப் பங்கைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டது.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், கல்யாணமாகி மொரீஷியஸின் காத்ர் போர்னுக்கு வருவதற்கு முன்பு சென்னைக்கு வெளியே ஒரு மருந்து நிறுவனத்தின் அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவள் நான். குரங்கு அல்ல, எலி. விஸ்டார் வகை வெள்ளை எலி. உமி பரப்பிய பாலிகார்பனேட் கூண்டு, தலைகீழாகச் செருகிய தண்ணீர்ப் புட்டி, கூண்டின் முகப்பில் ரேஷன் அட்டை மாதிரி ஒரு அட்டை. ஆய்வு எண், எந்த வகை, ஆணா பெண்ணா, எத்தனை, எந்தத் தேதியில் தொடக்கம், எந்தத் தேதியில் முடிவு எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் ஐந்து என்று இருந்து உள்ளே நான்கு இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

அந்த அட்டைக்குப் பின்னால் இருந்தது, சோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பமான 'ஃபார்ம் பி'. இந்தியாவில் 1960-ன் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க 1964-ல் ஒரு குழு அமைத்தார்கள். சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று பழகிவிட்ட அந்தப் பெயர் இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. ஆகிவிட்டது. நெடுநாள் பெயரளவுக்கே இருந்த அது, 1998-ல் வந்த விதிகளுக்குப் பிறகுதான் கடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிக்குழு இருக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, அரசுக் குழுவின் பிரதிநிதி, கூடவே விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சமூக உறுப்பினர் எல்லோரும் உண்டு. எலி, முயல் வரை அங்கேயே அனுமதி கிடைக்கும். நாய், குரங்கு என்றால் கோப்பு தில்லிக்குப் போக வேண்டும்.

எங்கள் குழுவின் சமூக உறுப்பினர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோகும் சாக்கில் நான் ஓரமாக நின்று கேட்பேன். ஒருமுறை ஒரு கல்லீரல் மருந்துக்கு 96 எலி கேட்டிருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "சார், ஒரு எலிக் குழுவுக்கு எட்டுன்னு போட்டிருக்கீங்க. ஆறு வெச்சா உங்க கணக்கு தப்பாயிடுமா?" விஞ்ஞானி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். பக்கத்திலிருந்த புள்ளியியல்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, ஆறு போதும் என்றார். 96 எலி 72 ஆனது. 24 எலி தப்பியது என்று சொல்ல மாட்டேன். அவை வேறு ஆய்வுக்குப் போயிருக்கும். ஆனால், கேள்வி கேட்க ஒரு ஆள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். சட்டம் என்று நான் புரிந்துகொண்டது அதைத்தான்.

அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அவர் கேட்டது 1959-ல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த மூன்றில் ஒன்று. விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வலியைக் குறை. உலகத்தில் விலங்குச் சோதனை பற்றி இன்று இருக்கும் சட்டங்களில் பல இந்த மூன்றைச் சுற்றி எழுதப்பட்டவைதாம். பிரிட்டனில் முதல் சட்டம் 1876-லேயே வந்துவிட்டது. 1986-ல் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். அதன்படி சோதனை செய்பவருக்குத் தனி உரிமம், ஆய்வுத் திட்டத்துக்குத் தனி, இடத்துக்குத் தனி என்று மூன்று உரிமங்கள் வேண்டும். அமெரிக்காவின் கதை சுவாரசியமானது. 1965-ல் பெப்பர் என்ற வீட்டு நாய் காணாமல் போய் ஓர் ஆய்வுக்கூடத்தில் செத்தது. அதையொட்டிக் கிளம்பிய கொதிப்பில் 1966-ல் சட்டம் பிறந்தது. 1985-ல் குரங்குகளின் மனநலத்தையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவையும் அந்தச் சட்டத்தின் கண்ணில் விலங்கே இல்லை. 2002-ல் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். நான் கணக்குச் சொல்லியே தேய்ந்த எலிக்கு அங்கே அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் போடும் விதிகள் சிலவற்றில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இங்கே வருவோம்.

மொரீஷியஸில் 2013-ல் விலங்கு நலச் சட்டம் வந்தது. 2017-ல் அதன் கீழ் விலங்குச் சோதனைகளுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. அப்போது விலங்கு நல அமைப்புகள் கொதித்தன. இதுவரை குரங்கை அனுப்பினோம், இனி சோதனையையே இங்கு கொண்டுவரக் கதவு திறக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். விதி இல்லாமல் இருப்பதைவிட விதி இருப்பது மேல் என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம் சாய்பவள். ஆனால் முதல் தரப்பின் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

ஒரே குரங்கை இங்கே நாலு கண்கள் நாலு விதமாகப் பார்க்கின்றன. நலச் சட்டத்துக்கு அது வலி உணரும் உயிர். 2015-ன் உள்நாட்டுப் பல்லுயிர், தேசியப் பூங்காச் சட்டத்தின் பக்கம் போனால் அது அயல் இனம், தொல்லை. அதிலும் நியாயம் உண்டு. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டு என்ற நிலைக்குப் போனதற்கு எலி, பூனையோடு குரங்கும் ஒரு காரணம். கூட்டில் கை விட்டு முட்டையை எடுத்துத் தின்னும். சீனக் கொய்யாவைத் தின்று விதையைக் காடெல்லாம் பரப்பி உள்ளூர் மரத்தை நெருக்கும். விவசாயிக்கு அது திருடன். சுங்கத்துக்குச் சரக்கு. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு கட்டணம் தேசியப் பூங்கா நிதிக்குப் போகிறது. குரங்கை விற்ற காசில் ஒரு பங்கு, அது முட்டை திருடும் புறாவைக் காப்பாற்றப் போகிறது. யார் யோசித்தது என்று தெரியாது, கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த நிதி நிரம்ப வேண்டுமானால் குரங்கு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் யாராவது யோசித்திருக்கலாம்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-ல் இதே இனத்தை 'அழியும் நிலையில்' என்ற பட்டியலில் போட்டது. அது அதன் சொந்தக் காடான தென்கிழக்கு ஆசியாவைப் பற்றியது. அங்கே அழிகிறது, இங்கே அயலான். குரங்குக்கு எந்த ஊர் அடையாள அட்டை என்பதைப் பொறுத்து அதன் தலையெழுத்து மாறுகிறது.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஷமாரெல் பக்கம் சௌசௌவும் அன்னாசியும் போடுகிறார். இங்கே சௌசௌவை 'ஷுஷு' என்பார்கள். ஒரு நாள் அவரிடம், "மாமா, குரங்கு பிடிக்க வரும் ஆட்கள் யார் உத்தரவில் வருகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் பேசியது கிரியோலில், நான் தமிழில் தருகிறேன். "உத்தரவு எல்லாம் அவர்களிடம் காகிதமா இருக்கும்மா. நான் பார்த்ததில்லை. கூண்டு வைக்க இடம் கேட்பார்கள், கொடுப்பேன். போன மாதம் நூறு அன்னாசி போச்சு எனக்கு. நீ எலிக்குப் பாவம் பார்த்தவள். வந்து ஒரு ராத்திரி இங்கே காவல் இரு, அப்புறம் பேசலாம்."

கூண்டைக் காட்டினார். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு உயரக் கம்பிவலைக் கூண்டு. தூக்கிக் கட்டிய கதவு, அதிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குள் ஓடும் நீளமான கயிறு. உள்ளே வாழைப்பழமும் கரும்புத் துண்டும். சில நாள் கதவை விழவிடாமல் தின்னவிடுவார்களாம். கூட்டம் பழகி, தாயும் குட்டியுமாக உள்ளே வந்து உட்காரும் நாளில் கயிறு விடுபடும். தரையில் காய்ந்த தோலும், வலையில் சிக்கிய கொஞ்சம் சாம்பல் நிற முடியும் இருந்தன. நான் என் பழக்கத்தில் கூண்டின் முகப்பைப் பார்த்தேன். அட்டை இல்லை. இருக்காது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கண் போயிற்று.

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. ஒரு குரங்கின் வாழ்க்கையில் கண்காணிப்பு எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று பாருங்கள். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் அதன் கூண்டு எத்தனை கன மீட்டர் இருக்க வேண்டும், தனியாக வைக்கலாமா, விளையாட என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கினால் 31 நாள் தனிமைப்படுத்தல். 1989-ல் வர்ஜீனியாவின் ரெஸ்டனில் பிலிப்பைன்ஸ் குரங்குகளிடம் எபோலா வகை வைரஸ் வந்ததிலிருந்து அதில் விட்டுக்கொடுப்பதில்லை. விமானத்தில் வரும் பெட்டிக்கு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. எல்லை தாண்ட, காட்டுயிர் வணிகத்துக்கான உலக ஒப்பந்தமான சைட்டீஸின் அனுமதி. பின்னோக்கி நடக்க நடக்க விதியும் மெலிகிறது, பார்க்கும் கண்ணும் குறைகிறது. ஷமாரெல் கரும்புத் தோட்டத்துக்கு வரும்போது ஒரு கயிறும் ஒரு ஆளும்தான்.

சைட்டீஸ் அனுமதிச் சீட்டில் மூலம் என்ற கட்டத்தில் ஓர் எழுத்து போட வேண்டும். காட்டில் பிடித்தது என்றால் டபிள்யூ. கூண்டில் பிறந்தது, ஆனால் முழு வளர்ப்பு நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றால் எஃப். எல்லா நிபந்தனையும் நிறைவேறிய வளர்ப்பு என்றால் சி. அந்த ஓர் எழுத்தில்தான் வழக்கே இருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்க அரசு, காட்டில் பிடித்த குரங்குகளை வளர்ப்புக் குரங்கு என்று அனுப்பியதாகக் கம்போடிய அதிகாரிகள் உள்படப் பலர் மேல் குற்றம் சாட்டியது. விசாரணைக்கு வந்த ஓர் அதிகாரியை 2024 மார்ச்சில் மயாமி நடுவர் குழு விடுவித்துவிட்டது. அது வேறு. குட்டியைப் பார்த்து அதன் தாய் எங்கே பிறந்தது என்று எந்தச் சுங்க அதிகாரியாலும் சொல்ல முடியாது என்பது மட்டும் உலகத்துக்குத் தெரிந்தது.

இந்த எழுத்தைப் பற்றி எங்கள் தீவில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது யார்? போர்ட் லூயி நாடாளுமன்றம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரசெல்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ம் ஆண்டு உத்தரவு, 2022 நவம்பர் முதல் இந்த இனத்தில் வளர்ப்புப் பெற்றோருக்குப் பிறந்தவற்றையோ, காட்டிலிருந்து புதிதாகச் சேர்க்காமல் தானே பெருகும் கூட்டத்தில் பிறந்தவற்றையோதான் பயன்படுத்தலாம் என்றது. ஐரோப்பாவுக்கு விற்க வேண்டும் என்றால் பண்ணை ஒரு தலைமுறை கூடுதலாக வளர்த்தாக வேண்டும். அமெரிக்காவுக்கு அப்படியொரு தடை இல்லை. ஒரே பண்ணை, ஒரே குரங்கு, டிக்கெட் எந்த ஊருக்கு என்பதைப் பார்த்து விதி மாறுகிறது. வாங்குபவர் எழுதும் சட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். நல்ல வாங்குபவர் நல்ல சட்டம் எழுதுவார், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அவருடைய சரக்கின் தரம் முக்கியம். ஷமாரெல் கூண்டில் குட்டியோடு மாட்டி, எங்கும் அனுப்பப்படாமல் இனப்பெருக்கத்துக்காகவே ஆயுள் முழுக்க இங்கேயே இருக்கும் தாய் அவர் சரக்கே அல்ல.

2022 ஜனவரியில் பென்சில்வேனியாவின் டான்வில் அருகே ஒரு லாரி விபத்துக்குள்ளானது. மொரீஷியஸிலிருந்து கென்யா ஏர்வேஸில் நியூயார்க் வந்து இறங்கிய 100 குரங்குகள் அதில் இருந்தன. சில தப்பியோடின. பனியில் தேடினார்கள். மூன்றைக் கொன்றார்கள். பெட்டிக்கு அருகில் போய்ப் பார்த்த ஒரு பெண்ணுக்கு முன்னெச்சரிக்கை மருந்து கொடுத்தார்கள். கென்யா ஏர்வேஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே ஆண்டு ஏர் பிரான்ஸும் குரங்கு ஏற்றுவதை விடப்போவதாக அறிவித்தது. எங்கள் ஊர்ப் பேருந்தில் மக்கள் இந்தத் தொழிலைப் பற்றி முதல்முறையாகச் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த வாரம்தான். பேசவைத்தது ஓர் அமெரிக்க நெடுஞ்சாலை.

நான் ஆராய்ச்சிக்கு எதிரியல்ல. எங்கள் மாமியார் தினமும் தொடையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. 1921-ல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துக் கண்டுபிடித்தது இல்லையென்றால் அவர் இல்லை. விலங்கிடம்கூடச் சோதிக்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதையும் உலகம் 1937-ல் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். அடுத்த ஆண்டே பாதுகாப்பை நிரூபித்துவிட்டு விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'ஐயோ குரங்கு' என்று மட்டும் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஆனால் 'மருத்துவத்துக்காக' என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடுகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் எந்த விலங்கில் எத்தனை சோதனை, எவ்வளவு வலி என்று எண்களை வெளியிடுகிறது. அங்கே யாரும் அதனால் ஆராய்ச்சியை மூடிவிடவில்லை. இங்கும் அப்படி ஒன்று வேண்டும்: ஆண்டில் எத்தனை பிடித்தார்கள், பண்ணையில் எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எத்தனை போயின. பண்ணைக்கும் பொறிக்கும் முன்னறிவிப்பில்லாமல் போக ஓர் அரசுக் கால்நடை மருத்துவர் வேண்டும். கூட்டத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்க ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் வேண்டும். காத்ர் போர்னில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவசரமும் இருக்கிறது. 2022 இறுதியில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வரியைச் சட்டத்திலிருந்து எடுத்தது. 2025 ஏப்ரலில் அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம், நோய் எதிர்ப்புப் புரதங்களை வைத்துச் செய்யும் மோனோகுளோனல் எதிர்பொருள் மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நீண்டவால் மக்காக் மிக அதிகமாகத் தேவைப்படும் இடங்களில் அது ஒன்று. இந்தியாவும் 2023-ல் விலங்கில்லா முறைகளை விதிக்குள் சேர்த்துவிட்டது. இன்றைக்கே சந்தை விழுந்துவிடாது, ஆண்டுகள் ஆகும். விழும்போது, வாங்குபவர் தன் விதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பண்ணைகளில் இருக்கும் குரங்குகள் இங்கேயே இருக்கும். காட்டில் திருப்பி விட முடியாது, அயல் இனம், பூங்காக்காரர்கள் விடமாட்டார்கள். சித்தப்பாவும் விடமாட்டார். இந்த இனம் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அத்தனை காலம் அவற்றுக்குச் சோறு போடுவது யார், பண்ணைக்காரரா, அரசா, அல்லது ஒரே நாளில் ஊசி போட்டுக் கணக்கை முடிப்பார்களா?

ஏற்றுமதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இப்போதே இதற்கென்று தனியாக எடுத்து வைக்கலாமே என்று வேளாண் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சில் எழுத வீட்டுக்காரர் உதவுகிறார். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.